“உடம்பு தேறட்டும்” என்று டாக்டர் சொன்னது

கவிதா, பிரபு,

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேரையும் மாமா கூட்டிக்கொண்டு வந்தார். பிரபு கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, “அப்பா, டிவியில வர்ற வெளிநாட்டுக்காரங்க நெறையப் பேரு உங்களை மாதிரியே குண்டா இருக்காங்க. நம்மூர்ல மட்டும் ஏனுங்கப்பா கொஞ்சம் பேருதான் அப்படி இருக்கறீங்க?” என்று கேட்டான். கவிதா அவனைக் கிள்ளினாள். நான் சிரித்து மழுப்பினேன். சிரித்தால் வயிறு இழுத்தது, அதனால் அதையும் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கேட்டது நல்ல கேள்விதான். அப்பா எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் அந்த வார்டில் படுத்துக் கிடந்தபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன். நடந்ததை முதலில் இருந்து சொன்னால்தான் அதுவும் விளங்கும்.

துடியலூர்க் கடையில் மோட்டார் சாமான் விற்க உட்கார்ந்த நாளில் இருந்தே என் உடம்பு ஏறிக்கொண்டு வந்தது. எங்கள் சனத்தில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. “இப்பத்தான் முதலாளி மாதிரி இருக்கறே” என்றார்கள். ஒரு நாள் குளிக்கும்போது தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். இருமினால் வெளியே வரும். வலி இல்லை, அதனால் நான் சும்மா இருந்துவிட்டேன். அது கொய்யாப்பழம் அளவுக்கு ஆன பிறகு உங்கள் அம்மா என்னைக் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரிய டிரஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்று. காரில் வருகிறவர்களும் வருவார்கள், பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களும் வருவார்கள்.

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும், அப்படி ஒரு ஒல்லி. பேர் மாரப்பன். சோமனூர்ப் பக்கம் துணி பேல் மூட்டை தூக்கி லாரியில் ஏற்றுகிறவர். அவருக்கும் இதே வியாதிதான், ஆனால் அடிவயிற்று ஓரத்தில்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது ஹெர்னியா. குடலிறக்கம்னு சொல்லுவாங்க” என்றார். எனக்கு விளங்குகிற மாதிரி சைக்கிளை வைத்துச் சொன்னார். டயர் ஓரிடத்தில் தேய்ந்து கிழிந்தால் உள்ளே இருக்கிற ட்யூப் அந்த வழியாகப் பிதுங்கும் இல்லையா, அதே மாதிரி வயிற்றுச் சதை விலகின இடத்தில் குடல் பிதுங்குகிறது. ட்யூப் மாட்டிக்கொண்டால் வண்டி நிற்கும். குடல் மாட்டிக்கொண்டால் ஆளே நின்றுபோவார். கிழிசலைத் தைத்தே ஆக வேண்டும்.

பிறகு கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். சர்க்கரைச் சீட்டைப் பார்த்தார். “இப்ப வேண்டாம். உடம்பு தேறட்டும். தேத்திட்டு ரெண்டு மாசத்துல வாங்க, பண்ணிரலாம்” என்றார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். நாங்கள் கும்பிட்டுவிட்டு எழுந்தோம்.

வெளியே வந்து நான் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது மாரப்பன் உள்ளே போனார். பாதிக் கதவு என்பதால் டாக்டர் பேசுவது காதில் விழுந்தது. “உடம்பு தேறட்டும் மாரப்பன். முட்டை, பால், கீரை, முடிஞ்சா கறி. நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்திட்டு வாங்க.”

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. “கேட்டீங்களா? அவருக்கும் அதையேதான் சொல்றாரு. முட்டை, பாலு, கறியாமா. இதுக்குப் போயி பயந்துட்டு இருந்தமே” என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேறுவது என்றால் நம் வீட்டில் வேறு என்ன அர்த்தம்? காய்ச்சலில் கிடந்த பிள்ளை கன்னம் உப்பி எழுந்து உட்கார்ந்தால் தேறிவிட்டது என்கிறோம். பிள்ளைபெற்று எழுந்தவளுக்குக் கை வளையல் இறுக ஆரம்பித்தால் தேறிவிட்டாள் என்கிறோம். டாக்டர் சொன்னது என்னவோ எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இறங்க வேண்டும், மூச்சு சீராக வேண்டும் என்பது. மாரப்பனுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்பது. இரண்டுக்கும் அவர் வாயில் வந்தது ஒரே சொல்.

அந்த இரண்டு மாதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தினம் இரண்டு முட்டை. வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கால் சூப்பு. ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி. உளுந்தங்களியில் நெய் குளம் கட்டி நிற்கும். சர்க்கரை இருக்கிறது என்பதற்காகக் காப்பியில் மட்டும் சீனியை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக அம்மா கெட்டிப்பால் விட்டாள். கவிதா ஒருநாள் கறித்துண்டு கேட்டதற்கு, “அப்பாவுக்கு ஆப்ரேசன் கண்ணு, அவரு தேறோணும்” என்று சொல்லி எலும்பைக் கொடுத்தாள். இது எல்லாம் ஆசையில் செய்தது. இந்தக் கடிதத்தில் அம்மாவின் மேல் ஒரு குறையும் இல்லை, நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டது நான்.

இரண்டு மாதம் முடிவதற்குள் ஒரு நாள் கடையில் மோட்டார் ஒன்றைக் குனிந்து நகர்த்தினேன். புடைப்பு வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. வாந்தி. வலி எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பக்கத்து பேக்கரிக்காரர்தான் வேனைப் பிடித்து ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தலை தாழ்வாகப் படுக்கவைத்து, ஊசி போட்டு, டாக்டர் நெடுநேரம் கையாலேயே மெல்ல மெல்ல அமுக்கிக் குடலை உள்ளே அனுப்பினார். அவர் சட்டை நனைந்துவிட்டது. “இந்தத் தடவை போயிருச்சு. அடுத்த தடவை போகலைன்னா குடல் அழுகிப் போகும். அப்ப எந்த நிலைமையில இருந்தாலும் அறுத்துத்தான் ஆகணும்” என்றார்.

“இப்பவே அறுத்துருங்களேன்” என்றாள் அம்மா.

மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மா என்னை எடை மிஷினில் ஏற்றினார்கள். பழைய சீட்டைப் பார்த்தார்கள். திரும்பவும் மிஷினைப் பார்த்தார்கள். “என்னங்க இது, குறைச்சுட்டு வரச் சொன்னா ஏத்திட்டு வந்திருக்கீங்க?”

அம்மாவின் கையில் தூக்குப்போசி இருந்தது. அதில் சூப்பு. அவள் அதைச் சேலைத் தலைப்பால் மூடினாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. உட்காரவைத்துச் சொன்னார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து மயக்கம் கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு முழுதும் மேலே ஏறி மூச்சுப்பையை அமுக்கும். நெஞ்சின் மேல் ஒரு மூட்டையை வைத்த மாதிரி. மூச்சு திரும்பாமலே போகலாம். அப்படியே பிழைத்தாலும், கொழுப்பும் சர்க்கரையும் இருக்கிற இடத்தில் தையல் பிடிக்காது, சீழ் கட்டும். அதனால் இங்கேயே படுத்து, அளந்து கொடுப்பதைச் சாப்பிட்டு, சர்க்கரையும் எடையும் இறங்கினால் பண்ணலாம். அதற்குள் குடல் மறுபடியும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

அப்பாவின் உயிர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தது. எது முந்துகிறதோ அது. இருமல் வந்தால்கூட இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இருமுவேன்.

ஸ்பெஷல் ரூம் காலியில்லை. பொது வார்டில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் யார் என்று பார்த்தால் மாரப்பன்.

“ஏனுங்க முதலாளி, தேறீட்டீங்களாட்ட இருக்குது!” என்றார்.

“நீங்க தேறலையாட்ட இருக்குது” என்றேன்.

“நாலு நாளு முட்டை வாங்கினனுங்க. அஞ்சாம் நாளு, புள்ளைங்க பாத்துட்டே நின்னுதுங்க. அப்பறம் எங்கீங்க நம்ம தொண்டையில எறங்குது?”

அவருக்கு ரத்தம் பாதிக்குப் பாதி கூட இல்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பினால் மறுபடியும் பேல் தூக்கப் போய்விடுவார் என்று டாக்டர் பிடித்துப் படுக்கவைத்திருந்தார். ஒரே வியாதி, ஒரே கோடு போட்ட ஆஸ்பத்திரிச் சட்டை. எனக்குப் பின்பக்கம் முடிச்சுப் போட எட்டாது. அவருக்கு அதை இரண்டு சுற்றுச் சுற்றலாம்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஹார்லிக்ஸ், பிரட்டு, பேரீச்சம்பழம், ஆப்பிள், நெய் பிஸ்கட். “அடப்பாவமே, எளைச்சுப் போயிட்டயே” என்று கண் கலங்கினார்கள். நான் இளைக்கத்தான் படுத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்பவில்லை. உங்கள் பெரியப்பா போகும்போது அம்மாவிடம் மெதுவாக, “ஆஸ்பத்திரில பட்டினி போடறாங்கம்மணி, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வார்டு சிஸ்டர் லீலாம்மா பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். குவைத்தில் நர்ஸாக இருந்து, அங்கே சண்டை வந்தபோது உடுத்த துணியோடு திரும்பி வந்தவர். என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்தார். “இது என்ன, கடையா? சாரே, நான் குவைத்தில பார்த்த அதே கேஸ் நீங்க.”

பிரபுவின் கேள்வியை அவரிடம்தான் முதலில் கேட்டேன். ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். அங்கே தாத்தாக்கள் எல்லாம் ஒல்லி. கடலில் முத்துக் குளித்தவர்கள், ஒட்டகத்தோடு நடந்தவர்கள். பேரீச்சம்பழமும் மீனும்தான் சாப்பாடு, அதுவும் கிடைக்கிற நாளில். பிறகு மண்ணுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. ஒரு ஆள் பிறந்து சாவதற்குள் கார் வந்தது, ஏசி வந்தது, வேலைக்கு ஆள் வந்தது. வெயிலில் யாரும் நடப்பதில்லை. ஆனால் விருந்து மட்டும் பழைய கணக்கு. பெரிய தாம்பாளத்தில் சோறும் ஆட்டுக்கறியும் வைத்து, போதும் போதும் என்றாலும் நல்ல துண்டாகப் பார்த்து நம் பக்கம் தள்ளுவார்கள். “பசிச்சிருந்த காலத்தில படிச்ச ஸ்நேகம் அது. பசி போயாச்சு. ஸ்நேகம் போகலை” என்றார். அதே ஊரில் ரோடு போடுகிற நம் நாட்டு ஆட்கள் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்றும் சொன்னார்.

அவரோடு வேலை செய்த ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் முன்பு பசிபிக் கடல் தீவு ஒன்றில் இருந்தவளாம். அங்கேயும் இதே கதை. மீனும் கிழங்கும் சாப்பிட்டுத் துடுப்புப் போட்ட சனத்துக்குக் கப்பலில் டப்பாக் கறியும் மைதாவும் சீனியும் வந்து இறங்கின. துடுப்புக்குப் பதிலாக மோட்டார் வந்தது. உடம்புக்குத் தெரியாதாம், காலம் மாறிவிட்டதென்று. நாளைக்குக் கிடைக்காதோ என்று பயந்து இன்றைக்குக் கிடைத்ததை எல்லாம் கொழுப்பாக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்குமாம்.

நான் கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு நம் வீட்டை நினைத்தேன். என் அப்பா மாடு கட்டித் தண்ணீர் இறைத்தவர். நான் மோட்டார் பட்டனை அமுக்கினேன். அவர் கம்பும் ராகியும் சாப்பிட்டார், நெல்லுச்சோறு நோம்பி, பண்டிகைக்குத்தான். எனக்கு மூன்று வேளையும் வெள்ளைச்சோறு. கடைக்குப் போக மொபெட். அங்கே போனால் நாற்காலி, பக்கத்தில் பேக்கரி, தண்ணித்தாகம் எடுத்தால்கூட டீயும் பப்ஸும். குவைத்துக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு வீட்டுக்குள். நாடு முழுக்க நடந்தால் எல்லாரும் குண்டாகிறார்கள். நம் நாட்டில் வீடு வீடாக நடந்துகொண்டிருக்கிறது. மாரப்பன் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. பிரபு, உன் கேள்விக்கு அப்பா கண்டுபிடித்த பதிலில் பாதி இது.

மீதிப் பாதி பெரிய டாக்டர் சொன்னது. அவர் இங்கிலாந்தில் படித்தவர். ஒரு காலை ரவுண்ட்ஸில் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, “அந்த ஊர்ல இருந்திருந்தா நீங்க ரெண்டு பேரும் கட்டில் மாத்திப் படுத்திருப்பீங்க” என்றார்.

“எப்படிங்க?” என்றேன்.

“அங்க காசு இருக்கிறவன்தான் ஒல்லி. காய்கறி, பழம், மீன் எல்லாம் விலை ஜாஸ்தி. காலையில எழுந்து ஓடறதுக்கும் அவனுக்குத்தான் நேரம் இருக்கு. ஏழைக்கு மலிவாக் கிடைக்கறது எண்ணெயில பொரிச்சதும் சீனித் தண்ணியும். வயிறு ரொம்பும். சத்து இருக்காது. அதனால மாரப்பன் மாதிரி ஆளுங்கதான் அங்க குண்டு.”

மாரப்பன் எழுந்து உட்கார்ந்தார். “அப்ப என்னைய ஒரு மாசம் அங்க அனுப்பி உடுங்க டாக்டர். தேறீட்டு வந்தர்றேன்.”

வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அவர் போன பிறகு மாரப்பன் என் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, “ஏழையா இருந்துட்டுக் குண்டாவும் இருக்க முடியுமுங்களா? கூலி வேலை செய்யறதுக்கு எப்படிக் குனிவாங்க?” என்று கேட்டார். மனுசன் பேராசைப்பட்டுத் தின்றுதான் குண்டாகிறான் என்று நான் நினைத்திருந்தது அன்றைக்குப் போயிற்று. ஊரில் எது மலிவோ, உடம்புக்கு எந்த வேலை இல்லாமல் போயிற்றோ, அதுவும்தான் ஒரு ஆளை ஊதவைக்கிறது.

அம்மாவுக்குத்தான் அந்த நாட்கள் ரொம்பக் கஷ்டம். எனக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பருப்பு, வேகவைத்த காய். அவள் ஒன்றும் கொண்டுவரக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள், பிறகு ஜன்னலைப் பார்ப்பாள். ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாவது நாள் தூக்குப்போசியோடு வந்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மாரப்பன் கட்டிலுக்குப் போனாள். அவர் சம்சாரம் கூலிக்குப் போகிறவர், வாரத்தில் ஒருநாள்தான் வர முடியும்.

“ஏனுங்க, ஈரல் வறுவலுங்க. ரத்தம் ஊறுமுன்னு டாக்டரம்மா சொன்னாங்க” என்றாள். பையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்தாள்.

மாரப்பன் ஆஸ்பத்திரித் தட்டைத் தேடி எடுத்தார். “இதுல போடுங்கம்மணி. உங்க ஊட்டுத் தட்டு எதுக்குங்க. நாளைக்கு உங்க சனம் வந்து எதாச்சும் சொல்லும்.”

“அது தகரம், சூடு நிக்காது. புடிங்க இதை” என்றாள் அம்மா.

அவர் தட்டை வாங்கினார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “முதலாளி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நீங்க பாக்கற பார்வைக்கு எனக்கு வவுத்துவலி வந்துரும்” என்றார்.

நான் திரும்பிப் படுத்தேன். ஈரல் மணம் இந்தப் பக்கமும் வந்தது. அலமாரியில் இருந்த ஹார்லிக்ஸும் பேரீச்சம்பழமும் அன்றைக்கே கட்டில் மாறின. அதற்குப் பிறகு அம்மா தினமும் கொண்டுவந்தாள். நாங்கள் ஏதோ தர்மம் செய்தோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்குப் பரிமாற ஒரு தட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மாரப்பனுக்கும் அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். உப்பு குறைந்தால் உப்பு குறைவு என்று சொல்லிவிடுவார்.

அவருக்குத்தான் முதலில் ஆபரேஷன் நடந்தது. நன்றாக முடிந்தது. போகிற அன்று என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சரிங்க, போயிட்டு வாரேனுங்க” என்றார். லீலாம்மா அங்கிருந்தே, “ஆஸ்பத்திரியில வாரேன்னு சொல்லாதே மனுஷா!” என்று சத்தம் போட்டார். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாரப்பன் தலையை மட்டும் ஆட்டினார். தூக்காமல் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரிந்திருக்காது.

அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்குத் திரும்பவும் புடைப்பு இறுகியது. வியர்த்து ஊற்றியது. உங்கள் இரண்டு பேர் முகமும் வந்து போனது. லீலாம்மா ஓடிவந்து தலையணையை எடுத்துக் கால்மாட்டைத் தூக்கி, “மூச்சு விடுங்க, முக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவாக உள்ளே போனது. டாக்டரம்மா வந்து சீட்டுகளைப் பார்த்தார்கள். ஊதச் சொல்லி மூச்சு பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியிருந்தது. எடையும் அவர்கள் கேட்ட அளவுக்கு இல்லாவிட்டாலும் இறங்கித்தான் இருந்தது. “இனிமேலும் காத்திருக்கறதுதான் ஆபத்து. நாளைக்குக் காலையில வெச்சுக்கலாம். ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணிகூடக் கூடாது” என்றார்கள். முடியும் என்று அவர்கள் சொல்லவில்லை. வெச்சுக்கலாம் என்றுதான் சொன்னார்கள். நான் அந்த வித்தியாசத்தைக் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள்.

காலையில் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அம்மா என்னை வெறும் வயிற்றோடு எங்கேயும் அனுப்பினதில்லை. அவசரத்துக்கு ஓடினால்கூட ஒரு டம்ளர் மோராவது கேட் வரைக்கும் கொண்டுவந்து கொடுப்பாள். அன்றைக்கு அவளிடம் தூக்குப்போசி இல்லை, பை இல்லை, டம்ளர் இல்லை. வண்டியோடு நடந்து வந்தாள். கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்தாள், விட்டாள். என் மேல் கிடந்த போர்வையை இழுத்து விட்டாள், அது சரியாகத்தான் இருந்தது.

நம் சனத்தில் நாலு பேர் பார்க்கப் புருசன் பெண்டாட்டி தொட்டுக்கொள்வதில்லை. வராண்டாவில் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். தியேட்டர் கதவு வரைக்கும் விடவில்லை.